நாலாவது ‘அடுத்து’

எளிமை வாரியத்தின் சுற்றறிக்கை ஒரு படமாக வந்தது. சிரித்த முகத்தோடு ஒரு கம்ப்யூட்டர், அதன் தோளில் கை போட்டபடி ஒரு குடும்பம், மேலே இரண்டு மேகம், கீழே பொடி எழுத்தில் பதினெட்டு விதிகள். எழுத்தைக் கண்டால் மக்கள் மிரண்டுபோகிறார்கள் என்பது வாரியத்தின் கண்டுபிடிப்பு. ஆகவே இனி எதையும் எழுத்தாக அனுப்புவதில்லை, எழுத்தைப் படம் பிடித்துத்தான் அனுப்புவது என்று ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள். அந்தப் படத்தை அச்சிடவும் முடியாது, சேமிக்கவும் முடியாது. வேண்டும்போதெல்லாம் வாரியத்தின் கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டியது. காகிதத்தில் ஏற்றினால் அது மறுபடியும் எழுத்தாகிவிடுமாம்.

அரசு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் அதைப் பெற்றுக்கொண்டவளுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது.

மருத்துவமனை முழுக்க அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கீபோர்டுக்கு முன்னால் ஒரு முழ நீளத்தில் ஒரு பட்டை வைத்திருப்பாள். திரையில் வரும் எழுத்து வரிவரியாக அந்தப் பட்டையில் புள்ளிகளாக எழும்பும். அவள் விரலை ஓடவிட்டுப் படித்துவிடுவாள். பன்னிரண்டு வருஷமாக அந்த மருத்துவமனையில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் எழுப்பி உட்காரவைப்பது அவள்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். காலி டிஸ்க்கோடு நிற்கிற கம்ப்யூட்டரும் காலி வீடும் ஒன்று. முதலில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று குடியேற வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். குடியேற்ற இரண்டு வழி உண்டு. எழுத்து முறையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஒவ்வொரு கேள்வியாக வரும், படித்துவிட்டுப் பதிலைத் தட்ட வேண்டும். பட முறையில் வண்ண வண்ணமாகச் சாளரம் வரும், மவுஸைப் பிடித்து ‘அடுத்து’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் உள்ளே இறங்குகிற சரக்கு ஒன்றுதான். ஆனால் படத்துக்குப் புள்ளி கிடையாது. பட முறை ஓடினால் புள்ளியக்காவின் பட்டை மொழுமொழுவென்று கிடக்கும்.

மருந்து கவுன்ட்டரில் இருக்கிற மருந்தாளுநர்தான் சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினான். அவன் வந்ததென்னவோ வேறு வேலையாக.

“விதி ஒண்ணு, எழுத்து முறை இன்ஸ்டால் அடியோட தடை. விதி ஒன்பது, இன்ஸ்டால் பண்றவங்க ‘திரையை என் கண்ணால் பார்த்தேன்’னு கையெழுத்துப் போடணும். விதி பதினாலு, திரையில இருக்கிறதை ஒருத்தர் இன்னொருத்தருக்கு வாயால சொல்லக் கூடாது. முப்பது நாளுக்குள்ள எளிமைச் சான்றிதழ் வாங்காதவங்களுக்கு மாற்றுப் பணி. அவ்வளவுதான்க்கா, மீதி மேகம்.”

“மாற்றுப் பணின்னா?”

“போடலை. ஒரு நாற்காலி படம் போட்டிருக்கான்.”

வேலை போனால் சம்பளம் போகும் என்பது ஒரு பக்கம். இந்த ஒரு வேலையில்தான் யாரும் அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்ததில்லை. அவள்தான் மற்றவர்களின் கம்ப்யூட்டரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். அதுவும் போய்விடும் என்பது இன்னொரு பக்கம்.

“அக்கா, நான் வந்தது வேற. கவுன்ட்டர் மிஷின் காலைல படுத்துடுச்சு. டிஸ்க் போச்சு, புது டிஸ்க் மாட்டிட்டேன். நீங்க வந்து உயிர் குடுத்தாப் போதும்.”

“இருபது நிமிஷ வேலை.”

“அதான் வந்தேன். ரெண்டு மாத்திரைக்கு ஏறக்குறைய ஒரே பேரு. ஒண்ணு ரத்தக் கொதிப்புக்கு, இன்னொண்ணு வலிப்புக்கு. டாக்டர் எழுதினதையும் நான் எடுத்ததையும் மிஷின்ல போட்டா, மாறியிருந்தா அது கத்தும். மிஷின் இல்லாம நானே சீட்டுப் பார்த்து எழுதிக் குடுத்துட்டிருக்கேன். நான் தப்புப் பண்ணா எனக்கு யாரு கத்துவா?”

அவள் பட்டையைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலிலேயே கண்காணிப்பாளர் மறித்தார். அவர் நல்ல மனுஷன். எந்த உத்தரவு வந்தாலும் முதலில் பயந்துவிட்டு அப்புறம் படிக்கிறவர்.

“வேண்டாம்மா. மேலிடத்து விஷயம். சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கவுன்ட்டர் கையாலயே ஓடட்டும்.”

எளிமை வாரியம் ஆறு மாடிக் கட்டடம். லிப்ட் உண்டு, அதில் பொத்தான்தான் இல்லை. வழவழவென்று ஒரு கண்ணாடித் தகடு, அதில் மாடிகளுக்குப் பதிலாகப் பறவைப் படங்கள். அவள் போக வேண்டிய ஐந்தாவது மாடிக்குக் கிளி. புள்ளியக்கா தடவிப் பார்த்ததில் லிப்ட் இரண்டு தடவை கொக்குக்கும் ஒரு தடவை நிலவறைக்கும் போய் வந்தது. கடைசியில் அவள் படியேறினாள்.

முதல் மாடி முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் அதன் பெருமையைச் சொன்னாள். வாரியத்தின் முன்னோடிக் கம்ப்யூட்டர் அது. பட முறையில் முதன்முதலாக இன்ஸ்டால் செய்தது. நீலக் கோடு ஒன்று நகர்ந்து நகர்ந்து தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கு வந்து நிற்கிறது. “இன்னும் ஒரு நிமிடம்” என்று அதில் எழுதியிருக்கிறது.

“எத்தனை நாளா?”

“நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாசம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே நிக்குதாம். வெளிநாட்டுலேர்ந்துகூட வந்து பார்த்துட்டுப் போனாங்க.”

படங்கள் பிரிவின் துணை இயக்குநர் அவளை மிகுந்த மரியாதையோடு வரவேற்றார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேசினார், கண் தெரியாதவர்களுக்குக் காதும் கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்ற எண்ணத்தில்.

“உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான்மா இத்தனையும்.”

“என்னை மாதிரின்னா, சார்?”

“கஷ்டப்படறவங்களுக்கு. பழைய எழுத்து முறை இருக்கே, அது ஒரு அரக்கன். கேள்வி கேக்கும். மனுஷனை யோசிக்கவைக்கும். நான் இந்தப் பதவிக்கு வரதுக்கு முன்னாடி ஒரு தடவை உட்கார்ந்தேன். ‘உறுதியா?’ன்னு கேட்டுச்சும்மா. என்னை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அன்னிக்கே முடிவு பண்ணேன், இந்த நாட்டுல இனி எந்தக் குடிமகனையும் ஒரு மிஷின் அப்படிக் கேக்கக் கூடாதுன்னு.”

“சார், எனக்கு அந்தக் கேள்வி விரல்ல வரும். படிச்சுப் பதில் சொல்லிடுவேன். படம் வந்தா விரல்ல ஒண்ணும் வராது. எனக்கு மட்டும் பழைய முறையிலேயே போட ஒரு அனுமதி குடுத்தா போதும்.”

துணை இயக்குநர் வருத்தத்தோடு பெருமூச்சு விட்டார்.

“ஒருத்தருக்குக் குடுத்தா அது சலுகை. எல்லாருக்கும் மறுத்தாத்தான் சமத்துவம். பயிற்சிக்கு வாங்கம்மா. ஒரு வாரம். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.”

மனு எங்கே கொடுப்பது என்று கேட்டாள். மனுப் படிவமும் படம்தான். அதில் ‘குறை’ என்பதற்கு அழுகிற முகம் ஒன்றும் ‘பெரிய குறை’ என்பதற்கு அதைவிட வாயைப் பிளந்து அழுகிற முகம் ஒன்றும் இருந்தன. எந்த முகத்தின் மேல் தன் விரல் பட்டது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பதில் மட்டும் வந்தது. ‘உங்கள் பாராட்டுக்கு நன்றி’ என்று.

வீட்டில் புருஷன் பஸ் டிரைவர். விஷயத்தைக் கேட்டதும் அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

“கண்ணு தெரியாதவளைப் பார்த்துக் கண்ணால பார்த்தேன்னு கையெழுத்துப் போடச் சொல்றான். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம், இவனுங்க கூடத்தையே இடிச்சுட்டானுங்க.”

“கத்தி என்ன ஆகப்போகுது? எங்கெங்க என்ன இருக்குன்னு காட்டுங்க.”

அவன் வாரியத்தின் பயிற்சிப் படத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, மளிகைப் பெட்டியின் அட்டையைத் திரை அளவுக்கு வெட்டினான். மாமியார் தையல் நூலை முறுக்கிக் கொடுத்தாள். நூலைப் பசை தடவி ஒட்டிச் சாளரத்தின் ஓரம், தலைப்பு, கட்டம் எல்லாம் வைத்தான். வலது கீழ் மூலையில் சட்டைப் பொத்தான் ஒன்றை ஒட்டினான். அதுதான் ‘அடுத்து’. குளியல் சோப்புதான் மவுஸ்.

“மவுஸை மூலைக்கு முட்டற வரைக்கும் இழு. முட்டினதும் ஒரு விரக்கடை மேலே, ரெண்டு விரக்கடை இடது. அமுக்கு. இந்தப் பொத்தான் எந்தப் பக்கத்துலயும் இடம் மாறாது. ரிவர்ஸ் எடுக்கிற மாதிரிதான், கண்ணாடியைப் பார்க்காம கணக்குல எடுக்கணும்.”

“இதுல படிக்கிறதுக்குன்னு ஒண்ணுமே இல்லையா?” என்று மாமியார் கேட்டாள்.

“படிச்சா நின்னுடுவாங்கன்னு பயம்போல” என்றாள் புள்ளியக்கா.

பயிற்சி வகுப்பில் முதல் இரண்டு நாளும் மவுஸ் பிடிப்பது எப்படி என்று. உள்ளங்கை, மணிக்கட்டு, மனநிலை என்று மூன்று பாடங்கள். மூன்றாம் நாள் பயிற்சியாளர் விஷயத்துக்கு வந்தார். டை கட்டியவர் என்பதை அவர் பேசும்போது கழுத்தில் ஏறி இறங்கிய மூச்சிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

“என்ன எழுதியிருக்குன்னு படிக்கக் கூடாது. இதுதான் முதல் பாடம், இதுதான் கடைசிப் பாடம். படிச்சா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா நேரம் ஆகும். நேரம் ஆனா அதுக்குப் பேர் எளிமையா? பொத்தான் இருக்கு, விரல் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல மூளை எதுக்கு?”

புள்ளியக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து டெக்னீஷியன். நாலாவது பக்கம் வந்ததும் அவன் கை நின்றுவிட்டது. மெல்ல அவள் காதில் கிசுகிசுத்தான். “இந்தப் பக்கத்துல என்ன போட்டிருக்கான் தெரியுமாக்கா? ‘இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்.’ அதுக்குக் கீழயும் அதே ‘அடுத்து’தான் இருக்கு.”

“வேண்டாம்னு சொல்ல ஏதும் இல்லையா?”

“இருக்கு. சாம்பல் நிறத்துல, எறும்பு அளவுக்கு.”

புள்ளியக்கா கையைத் தூக்கினாள். “சார், பழைய முறையில இதே கேள்வி வரும்போது ‘ஆம்’னு முழுசா தட்டினாத்தான் அழிக்கும். சும்மா விட்டா அழிக்காது. இதுல சும்மா அமுக்கினாலே அழிச்சிடுமா?”

வகுப்பில் அதுவரை ‘அடுத்து’ அமுக்கிக்கொண்டிருந்த பதினெட்டு மவுஸும் நின்றன. பிற்பாடு தெரிந்தது, அவர்களில் ஏழு பேர் அலுவலகத்துக் கம்ப்யூட்டரைத்தான் பயிற்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தர் நிலப் பதிவு அலுவலகத்துக்காரர். அவர் எழுந்து வெளியே போனவர்தான், திரும்பி வரவில்லை.

பயிற்சியாளர் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்து டெக்னீஷியனை விதி பதினாலை மீறியதற்காகப் பெயர் எழுதிக்கொண்டார். புள்ளியக்காவைப் பார்த்து, அதாவது அவள் இருக்கும் திசையைப் பார்த்து, “நீங்க படிக்காமலேயே சந்தேகப்படறீங்க. இது முத்தின கேஸ்” என்றார்.

பரீட்சைக்கு ஐந்து பேர் கொண்ட குழு வந்தது. துணை இயக்குநர் தலைவர். பெரிய ஹால், நடுவில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு எதிரே ஐந்து சாய்வு நாற்காலிகள். புள்ளியக்காவை உட்காரவைத்துக் கம்ப்யூட்டரைப் போட்டார்கள்.

திரை கறுப்பாக இருந்தது. கறுப்பு என்றால் அதில் மேகமும் இல்லை, குடும்பமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். போன மாதம்தான் வாரியம் ‘இருட்டுத் தோற்றம்’ என்று ஒரு புதுப் பாணி வரப்போவதாகச் சுற்றறிக்கை விட்டிருந்தது. ஐந்து பேரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஒருவரும் அது என்னவென்று கேட்கவில்லை. இப்போது கேட்டால் அப்போது படிக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

“புதுப் பதிப்பு” என்றார் துணை இயக்குநர்.

“கண்ணை உறுத்தல” என்றார் இரண்டாமவர்.

“தேவையில்லாததை எல்லாம் எடுத்துட்டாங்க” என்றார் மூன்றாமவர்.

புள்ளியக்கா மவுஸை மூலைக்கு முட்டும்வரை இழுத்தாள். ஒரு விரக்கடை மேலே, இரண்டு விரக்கடை இடது. அமுக்கினாள். மறுபடி, மறுபடி. மூன்று ஆனதும் நிறுத்தினாள்.

“சார், இந்த டிஸ்க்குல வேண்டியது ஏதாவது இருக்கா? அடுத்தது அழிச்சிடும்.”

“பரீட்சையில கேள்வி கேக்கறது நாங்கம்மா” என்றார் நாலாமவர். அதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். அவள் அமுக்கினாள். அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து, மறுபடி எழுந்து, சன்னமாக ஒரு மணியடித்தது. இன்ஸ்டால் ஆகிவிட்டது. அவளுடைய புருஷன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பஸ் ஹாரனைத் தவிர வேறு எந்தச் சத்தத்துக்கும் அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

குழு அந்தக் கறுப்பைப் பத்து நிமிஷம் பாராட்டியது. அப்புறம் ஒரு தாளை அவள் முன்னால் தள்ளிக் கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் விரலை வைத்தார்கள்.

“என்ன எழுதியிருக்கு, சார்?”

“வழக்கமானதுதான். திரையை என் கண்ணால் பார்த்தேன்.”

“பாக்கலையே, சார். வேலையைத்தான் செஞ்சேன்.”

துணை இயக்குநர் மற்ற நால்வரையும் ஒரு பார்வை பார்த்தார். அவரையும் சேர்த்து ஐந்து பேரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

“நாங்க அஞ்சு பேரும் பார்த்திருக்கோம். அத்தனை தெளிவா இருந்துச்சு. நீங்க மட்டும் ஏன்மா பாக்கல?”

“நீங்க பார்த்தீங்க, சார். இன்ஸ்டால் பண்ணது நீங்களா?”

அந்தக் கேள்வியைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்று முடிவாயிற்று. தீர்ப்பு இப்படி வந்தது. செயல்முறை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பார்வை பூஜ்யம். தோல்வி. மாற்றுப் பணி.

வெளியே வரும்போது பெருக்குகிற அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “திரை கறுப்பாத்தாம்மா இருந்துச்சு. துடைக்கும்போது திரையோட ஒயரு கழண்டு விழுந்துடுச்சு. சொல்லலாம்னு வந்தேன். ஐயாமாருங்க நல்லாருக்கு நல்லாருக்குன்னாங்க. நமக்கெதுக்கு வம்புன்னு போயிட்டேன்.”

புள்ளியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது ஆத்திரம்தான். அதோடேயே அவள் பஸ் ஏறினாள்.

மாற்றுப் பணி என்பது மருத்துவமனையின் படிக்கட்டுக்குக் கீழே ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு போன். அதற்கு வாரியத்தின் ‘எளிமை உதவி மேசை’ என்று பெயர். ஊர் முழுக்க உள்ள டெக்னீஷியன்கள் சந்தேகம் வந்தால் கூப்பிடுவார்கள். பதிலாக ஒரே ஒரு வாக்கியம்தான் அனுமதிக்கப்பட்டது. ‘“அடுத்து” அமுக்குங்க.’ அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் விதி பதினாலு. பேசுவதெல்லாம் பதிவாகும்.

இதற்குள் வாரியம் பரீட்சையின் வெற்றியை ஆராய்ந்து முடித்திருந்தது. கண் தெரியாத ஒருத்தியே இவ்வளவு நன்றாகச் செய்கிறாள் என்றால் அதற்குக் காரணம் கறுப்புத் திரைதான். ஆகவே இனி எல்லா இடத்திலும் கறுப்புத் திரை, கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து, கறுப்புப் பொத்தான். சுவரொட்டியில் புள்ளியக்காவின் படத்தைப் போட்டு ‘இவரே பாஸ்’ என்று எழுதியிருந்ததாக மருந்தாளுநர் சொன்னான். தோற்றதாகத்தானே தீர்ப்பு என்று அவள் கேட்டாள். “அது உங்களுக்குக்கா. சுவரொட்டி மக்களுக்கு” என்றான்.

போன் ஓயாமல் அடித்தது. கண் நன்றாகத் தெரிகிற ஆட்கள் எல்லாரும் இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்கள். “மேடம், ஒண்ணுமே தெரியல.” “‘அடுத்து’ அமுக்குங்க.” “எங்க இருக்குன்னே தெரியல, மேடம்.” “‘அடுத்து’ அமுக்குங்க.” இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு கசந்தது. சில சமயம் ஒரு விரக்கடை மேலே, இரண்டு விரக்கடை இடது என்று சொல்லத் துடிப்பாள். பதிவாகிறது என்பது ஞாபகம் வரும். எதிரே மருந்து கவுன்ட்டரில் வரிசை நடைபாதை வரை நீண்டு நின்றது. மருந்தாளுநர் கையால் எழுதிக்கொண்டே இருந்தான். மிஷின் படுத்து நாற்பத்திரண்டு நாள் ஆகிவிட்டது.

நாற்பத்திரண்டாம் நாள் மதியம் வந்த அழைப்பில் குரல் பழகியதாக இருந்தது.

“துணை இயக்குநர் பேசறேன். எல்லா அதிகாரியும் அவங்கவங்க கம்ப்யூட்டரைத் தானே புதுப் பதிப்புக்கு மாத்தணும்னு உத்தரவு. நான்தான் போட்டேன். பக்கத்துல போட்டோ எடுக்கறவர் நிக்கறார். கொஞ்சம் இருட்டா இருக்கு.”

“‘அடுத்து’ அமுக்குங்க” என்றாள், வாய் பழக்கத்தில்.

“அமுக்கிட்டேன். மூணு தடவை.”

புள்ளியக்காவின் கை மேசை மேல் நின்றது.

“சார், கொஞ்சம் நில்லுங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன இருக்கு?”

“வாரியமே இதுலதான்மா இருக்கு. எல்லாச் சுற்றறிக்கையும் எல்லா விதியும் இதுலேர்ந்துதான் மத்த ஊருக்கெல்லாம் போகுது.”

“வேற எங்கயாவது பிரதி இருக்கா?”

“நாங்க என்ன அவ்வளவு அஜாக்கிரதையா? பிரதி இருக்கு. இதே கம்ப்யூட்டர்ல தனியா வச்சிருக்கோம்.”

“சார், நாலாவது பக்கத்துல ஒரு கேள்வி வரும். அது என்னன்னா...”

“நிறுத்துங்க” என்றார் துணை இயக்குநர். குரலில் பயம் தெரிந்தது. “சொல்லாதீங்க. விதி பதினாலு. இந்த லைன் பதிவாகுது. நான் கேட்டு நீங்க சொன்னதா நாளைக்கு வந்துடும்.”

“விதி உங்களோடதுதானே, சார். இந்த ஒரு தடவை கேட்டுக்குங்க.”

“என்னோட விதியை நானே மீறினா ஊர் சிரிக்கும். போட்டோக்காரர் காத்திருக்கார். அனுமதிக்கப்பட்ட வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கம்மா.”

அவளுக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மேசைக்கு வந்ததிலிருந்து முதன்முறையாக நாக்கு கசக்கவில்லை, அவ்வளவுதான்.

“‘அடுத்து’ அமுக்குங்க, சார்.”

அந்தப் பக்கம் கேமரா ஒரு தடவை சொடுக்கியது, மவுஸ் ஒரு தடவை சொடுக்கியது. அப்புறம் டிஸ்க் ஓடுகிற சத்தம் போனில் நன்றாகவே கேட்டது. “என்னமோ வேலை செய்யுதும்மா, ரொம்ப வேகமா” என்றார் துணை இயக்குநர், சந்தோஷமாக.

மறுநாள் காலையில் கண்காணிப்பாளர் சுற்றறிக்கையைத் திறந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் வந்தது. அடுத்ததைத் திறந்தார், அதுவும் சதுரம். வாரியத்துக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. புள்ளியக்கா பட்டையோடு வாசலில் வந்து நின்றாள்.

“சார், மருந்து கவுன்ட்டர் மிஷினை எழுத்து முறையில போடப்போறேன். கூடாதுன்னு விதி இருந்தா காட்டுங்க.”

கண்காணிப்பாளர் பயந்தார், பிறகு தேடினார், பிறகு திரையைத் தட்டிப் பார்த்தார். “காட்ட முடியலையேம்மா” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கவுன்ட்டரில் அவள் பட்டையை மாட்டினாள். புள்ளிகள் எழும்பின. ஒவ்வொரு கேள்வியாக விரலுக்குக் கீழே வந்தது, அவள் பதில் தட்டினாள். டிஸ்க்கை அழிக்கவா என்று வந்தபோது அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

“தம்பி, இதுல ஏதாவது இருக்கா?”

“புது டிஸ்க்குக்கா. காலி.”

‘ஆம்’ என்று முழுதாகத் தட்டினாள். பத்தொன்பதாவது நிமிஷத்தில் மருந்துப் பட்டியல் ஏறிவிட்டது.

மருந்தாளுநர் வரிசையின் முதல் ஆளிடம் சீட்டை வாங்கினான். அவர் வயதானவர், நேற்றே வந்து மாத்திரை வாங்கிப் போனவர், இன்று தலை சுற்றுகிறது என்று திரும்ப வந்திருந்தார். டாக்டர் எழுதியதையும் தான் நேற்று எடுத்துக் கொடுத்ததையும் மெஷினில் போட்டான். மெஷின் கத்தியது.

அவன் அதை அணைக்கவில்லை. பெரியவரின் உறையைத் திறந்து மாத்திரையை எடுத்து வேறு வைத்துக் கொடுத்தான். எவ்வளவு சாப்பிட்டீங்க என்று கேட்டான். “ராத்திரி ஒண்ணு, காலைல ஒண்ணு” என்றார் அவர். டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்பினான். பின்னால் அலமாரியில், டாக்டர் எழுதியதையும் தான் எடுத்துக் கொடுத்ததையும் அவன் கையால் எழுதிவைத்த நாற்பத்திரண்டு நாளின் சீட்டுகளும் கட்டுக் கட்டாக நூல் போட்டு அடுக்கியிருந்தன. அவன் அவற்றைத் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா, எத்தனை பேருக்கு...” என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே உதவி மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அது அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, புள்ளியக்கா நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல் நாள் கட்டை எடு. ஒவ்வொண்ணா படி, நான் தட்டறேன்” என்றாள்.